டூரிஸ்ட் விசாவில் வேலை... யார் காதில் பூ?

வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு அட்வைஸ் கொடுக்க நம்மூரில் ஆள் பஞ்சமே கிடையாது. பாங்காக்கில் துக்துக்காரன் "இன்னைக்கு அரண்மனை லீவு"ன்னு சொன்னா நம்பாதே, நேரா ரத்தினக்கல் கடையில் கொண்டு போய் இறக்கிடுவான். பட்டாயாவில் ஜெட் ஸ்கீ ஏறாதே, பழைய கீறலைக் காட்டி உன்கிட்ட காசு கறப்பான். எல்லாம் வாஸ்தவம்தான். அதில் பெரும்பாலும் போவது பணம் மட்டும். திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

ஆனால் சுற்றுலா என்ற பெயரில் நம் பையன்கள் மேல் நடக்கிற பெரிய மோசடி அந்த லிஸ்டிலேயே இல்லை. அது பாங்காக்கில் ஆரம்பிப்பதும் இல்லை. உள்ளூரில், தெரிந்தவர் ஒருத்தர் மூலமாக, ஒரே ஒரு வரியில் ஆரம்பிக்கிறது: "இப்போ டூரிஸ்ட் விசாவில் போயிடு தம்பி, அங்கே போனதும் வொர்க் பெர்மிட் மாத்திக்கலாம்."

2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லி, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களைக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைக்கிறார்கள் என்று. தாய்லாந்துப் பக்கம் மே சாட். நடுவில் மோய் ஆறு. அந்தப் பக்கம் மியாவாடி. அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பெண் மாதிரி சாட் செய்து வெளிநாட்டுக்காரர்களைக் கிரிப்டோவில் பணம் போட வைப்பதுதான் "வேலை". டார்கெட் முடிக்கவில்லையா, அடி. 2022 அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீண்டு சென்னை வந்து இறங்கினார்கள். அதோடு முடிந்ததா? 2025 மார்ச்சில் மே சாட்டில் இருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது.

உடனே டீக்கடையில் ஒரு தீர்ப்பு வரும். "பேராசைங்க... படிச்ச பையனுக்கு இது கூடவா தெரியாது?"

இந்தத் தீர்ப்பு அநியாயம். ஓசூர் சிப்காட்டில் எத்தனை பேர் நேராகக் கம்பெனிக்குள் போகிறார்கள்? கான்ட்ராக்டர் வழியாகத்தானே உள்ளே போகிறார்கள்? கையில் இருப்பது கான்ட்ராக்டர் கொடுத்த ஐ.டி. கார்டு, வேலை செய்வது வேறொரு கம்பெனிக்கு. நடுவில் ஒரு ஆள் இருப்பதே இங்கே வேலை கிடைக்கும் முறை என்று பழக்கிவிட்டு, அதே பையன் வெளிநாட்டு ஏஜென்டை நம்பினால் மட்டும் முட்டாள் என்பதா? அத்திப்பள்ளி தாண்டி தினமும் பஸ்ஸில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவனுக்கு எல்லை தாண்டுவது பயம் தருகிற விஷயமே இல்லை. அவன் செய்தது பேராசை அல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் ஏஜென்ட் காசாக்குகிறான். இங்கே பையனிடம் பீஸ், அங்கே ஆளை ஒப்படைத்ததற்குக் கமிஷன். ஏஜென்ட்டுக்கு இரண்டு பக்கமும் வரவு, பற்று முழுக்க பையன் தலையில்!

அரசாங்கமாவது தடுக்குமா? ஈ.சி.ஆர். என்றதும் மகாபலிபுரம் ரோடு ஞாபகம் வரும், இது வேற. பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது தேறிவிட்டால் அது தேவையில்லை. அதாவது படித்தவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்வான் என்று சட்டம் நினைக்கிறது. மோசடிக்காரர்கள் தேடுவதும் அதே படித்த, டைப் அடிக்கத் தெரிந்த பையனைத்தான். போதாததற்கு டூரிஸ்ட் என்று கிளம்புகிறவனைப் பற்றி எந்த வேலைப் பதிவேட்டிலும் ஒரு வரி கூட இருக்காது. காணாமல் போனால் எங்கே தேடுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லை தாண்டிய பிறகு அவனே சட்டவிரோதமாக நுழைந்தவன் ஆகிவிடுகிறான்.

அதனால் அட்வைஸ் லிஸ்ட் போடுகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது இதைத்தான்:

டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பது தாய்லாந்தில் சட்டவிரோதம். அங்கே வேலைக்குப் போகிறவருக்கு நான்-இமிகிரன்ட் பி விசாவும் வொர்க் பெர்மிட்டும் வேண்டும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

1983 குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்ற ஏஜென்டுகள் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பெயர் இல்லையா? மாமா பையனாகவே இருந்தாலும் வேண்டாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சத்தில் கேட்டால் அதுவே சாட்சி.

சந்தேகம் கேட்க சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது.

இதையெல்லாம் கல்லூரி கேம்பஸ் இன்டர்வியூ நடக்கிற வாரத்தில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? ரெஸ்யூம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள், டை கட்டச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விசா தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

மீண்டு வந்தவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஊர் சிரிக்கும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் போலீசில் புகார் கொடுப்பதே இல்லை. புகார் இல்லாத ஊரில் ஏஜென்ட் அடுத்த பையனுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பான்.