வகுப்பில் இல்லாத பெண்பிள்ளைகள்

மலேசியாவில் 2010இல் 13 வயது மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். கிளினிக்குக்கு அலைய வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கும் பிள்ளைகளைத் தேடித் தாதியர் பள்ளிக்கே வந்தார்கள். பெற்றோர் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். முதல் சில ஆண்டுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் போட்டார்கள். பெருமைப்பட வேண்டிய சாதனை அது.

ஆனால், அந்தக் கணக்கில் வந்தவர்கள் பள்ளிக்குள் இருந்த பிள்ளைகள். ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவள், ஊசி போட்ட வாரம் வீடு மாறிப் போனவள், பிறப்புப் பத்திரமே இல்லாததால் பள்ளியில் சேர முடியாதவள்? கிள்ளானின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் நம் இந்தியச் சமூகத்திலேயே இருக்கிறார்கள். தனியார் கிளினிக்கில் ஒரு ஊசிக்குச் சில நூறு ரிங்கிட் ஆகும். வாடகைக்கே திணறும் குடும்பம் எங்கே போகும்?

“சின்னப் பிள்ளைக்கு இப்பவே எதுக்குங்க?” என்று தாய்மார்கள் கேட்பது நியாயமான கேள்விதான். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு எச்பிவி 16, 18 என்ற இரண்டு வகைக் கிருமிகளே காரணம். தொற்றியபின் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஓசையில்லாமல் இருந்து புற்றாக மாறக்கூடும். ஊசி கிருமி வருமுன் தடுக்கும். வந்த கிருமியை விரட்டாது. அதனால்தான் சிறு வயதிலேயே போடுகிறார்கள்.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2007–2011 அறிக்கையில், இந்த நோயின் விகிதம் இந்தியப் பெண்களிடையேதான் அதிகம். இதைப் படித்துவிட்டு நாம் சும்மா இருக்கக் கூடாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பு மூன்று ஊசி, பிறகு இரண்டு. 20 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒன்றே போதுமான பாதுகாப்புத் தரும் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. அடுத்த மாதம் எந்த வீட்டில் இருப்போம் என்று தெரியாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி! தாய்க்கும் வழியிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வூ யின் லிங் 2018இல் தொடங்கிய ‘ரோஸ்’ எச்பிவி பரிசோதனைத் திட்டத்தில், பெண் தானே மறைவாக ஒரு பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இலவச ஊசி முகாம் என்ற அறிவிப்பைக் கண்டால், மைகாட் அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கும் போடுவார்களா என்று முதலில் கேளுங்கள். போடுவார்கள் என்றால், பள்ளிக்குப் போகாத அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அவள் அம்மாவையும் நீங்களே கூட்டிப் போங்கள்.