பக்கத்துக் கிணறு வற்றினால் நம் வயல் வாழுமா?



இந்த முறை கட்டுப்படியான விலை பற்றியோ, கடன் தள்ளுபடி பற்றியோ தலையங்கம் எழுதப்போவதில்லை. அந்தக் கோரிக்கைகளை நாம் கைவிடவில்லை, அதற்கான போராட்டமும் நிற்கப்போவதில்லை. ஆனால் அரசாங்கத்தை இத்தனை கேள்வி கேட்கிற நாம், நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது. அது தண்ணீர் பற்றிய கேள்வி. ஒரே ஊரில், ஒரே மண்ணுக்கு மேலே எப்படிச் சேர்ந்து வாழ்வது என்ற கேள்வி.

நம் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் நடப்பதுதான். ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தோட்டம். இருவரும் பங்காளிகள். ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர், இன்னொருவருக்கு ஐந்து ஏக்கர். சின்னத் தோட்டத்துக்காரர் 400 அடிப் போரில் கிடைத்த தண்ணீரை வைத்துத் தக்காளியும் மாட்டுக்குச் சோளத்தட்டும் போட்டுப் பிழைத்து வந்தார். பெரிய தோட்டத்துக்காரர் தென்னைக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று வரப்போரமாகவே 1,000 அடிக்குப் போர் இறக்கினார். பதினைந்தே நாளில் சின்னத் தோட்டத்து மோட்டார் வெறும் காற்றை இறைத்தது. கேட்கப் போனவருக்குக் கிடைத்த பதில் இதுதான்: "என் காட்டுல நான் போர் போட்டேன். உனக்கென்ன வந்துச்சு?"

அவரும் ரோசத்தில் வீட்டுக்காரம்மா நகையை அடகு வைத்து 1,100 அடிக்குப் போனார். புகைதான் வந்தது. இன்றைக்கு அந்த மனுசன் விடியற்காலையில் பஸ் ஏறி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

அதோடு முடிந்ததா? இல்லை. காலனிக்குக் குடிதண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பஞ்சாயத்து போர் அந்தத் தோட்டங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் கோடையில் அதுவும் நின்றுபோனது. நம் காட்டில் களையெடுக்கிற அதே பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் மோட்டார் ரூமுக்கு வந்து, "ரெண்டு குடம் புடிச்சுக்கட்டுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். சிலர் பெரிய மனது பண்ணி விட்டார்கள். சிலர் விரட்டினார்கள். அவர்கள் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை நாம் இழுத்துக்கொண்டு, பிறகு அவர்களையே நம்மிடம் கைகட்டி நிற்க வைத்தோம். இதில் பெரிய மனது எங்கே இருக்கிறது தோழர்களே?

சட்டப்படி பார்த்தால் 1,000 அடி போட்டவர் மேல் குற்றமில்லை. 1882-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்காரனுக்கு உரிமை கொடுக்கிறது. அந்தக் காலத்தில் கவலை பூட்டி மாட்டை வைத்து இறைத்தார்கள். மாடு களைத்தால் இறைப்பு நின்றது. ஒரு ஜோடி மாட்டால் பக்கத்துக் கிணற்றை வற்ற வைக்க முடியாது. இன்று மாட்டுக்குப் பதில் நீர்மூழ்கி மோட்டார் வந்துவிட்டது, சட்டத்தின் எண்ணம் அங்கேயே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். அதை நடைமுறைப்படுத்தாமலேயே வைத்திருந்து 2013-இல் ரத்தும் செய்துவிட்டார்கள். ஆகவே சட்டம் நம்மைத் தடுக்காது. ஆனால் சட்டம் தடுக்காததெல்லாம் நியாயம் ஆகிவிடுமா?

நம் பூமி பாறைப் பூமி. திறந்த கிணற்றில் ஊறுவது போன வருடமும் இந்த வருடமும் பெய்த மழை. ஆயிரம் அடியில் பாறை வெடிப்புக்குள் கிடைப்பதோ எந்தக் காலத்திலோ பெய்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சேர்ந்த தண்ணீர். அது திரும்ப நிறைய எத்தனை காலம் ஆகும்? நாம் எடுப்பது வட்டியை அல்ல, முதலை. அந்த முதல் நம் ஒருவருடைய முதலும் அல்ல. வரப்பு மேலேதான் இருக்கிறது. பாறைக்குள்ளே வரப்பு இல்லை.

இதை எழுதுகிற நாமும் யோக்கியம் இல்லை. நம் சங்கப் பொறுப்பாளர்களின் தோட்டங்களிலேயே ஒன்றுக்கு மூன்று போர் இருக்கிறது, அதில் இரண்டு வறண்டு கிடக்கிறது. "அவன் போட்டா நானும் போடுவேன்" என்ற அந்த ஓட்டத்தில் நாமும் ஓடியவர்கள்தான். வறண்ட போரை மூடாமல் விட்டவர்களும் நம்மில் உண்டு. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தையை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வராத குழியைக்கூட அடுத்த வீட்டுப் பிள்ளையை நினைத்து மூட வேண்டும் என்பது நமக்குத் தோன்றாமல் போனது எப்படி?

இலவச மின்சாரத்துக்கு வருவோம். அது யாரும் போட்ட பிச்சை அல்ல. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் உயிர்விட்டார்கள். 1972-லும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ரத்தத்தின் தொடர்ச்சியாகத்தான் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் உயிரைக் கொடுத்து வாங்கிய மின்சாரத்தை வைத்துப் பக்கத்துக் காட்டுக்காரனைக் காலி செய்தால், செத்தவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? நாமே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்ளவில்லை என்றால், "நிலத்தடி நீர் போச்சு, அதனால மீட்டர்" என்று நாளைக்கு அதிகாரி வந்து நிற்பான். அவனுக்கு அந்தச் சாக்கை நாம் கொடுக்கலாமா?

"சாயப்பட்டறைக்காரனும் தண்ணீர்க் கம்பெனிக்காரனும் எடுக்கறதுல நாம எடுக்கறது எம்மாத்திரம்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி சரிதான், அவர்களையும் எதிர்ப்போம். நொய்யல் ஆற்றுக்காக விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒருவன் பிழைப்புக்காக இன்னொருவன் தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்பதுதானே அன்றைய வாதம்? அந்த நியாயம் முதலாளிக்கு மட்டுமா, நமக்கு இல்லையா?

நமக்குப் பங்கிட்டு வாழத் தெரியாமல் இல்லை. ஒரே பங்குக் கிணற்றில் நாலு குடும்பம் முறை வைத்து இறைத்த ஊர்கள்தான் நம் ஊர்கள். கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். ஏரிப் பாசனத்தில் மடையைத் திறந்து அடைக்க நீர்கட்டி இருந்தார். கடைமடைக்காரனுக்கும் தண்ணீர் போய்ச் சேருவது அவர் பொறுப்பு. பல ஊர்களில் அந்த நீர்கட்டி தாழ்த்தப்பட்ட சமூகத்துக்காரர், ஒரு குழி நிலம்கூட இல்லாதவர். சொந்த நிலம் இல்லாததால் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்று நம்பினார்கள். பழைய பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஊருக்கே தண்ணீரைப் பங்கிட்டவருக்கு அந்தத் தண்ணீரில் பங்கு இல்லை. அந்தப் பழைய அநியாயத்தை அப்படியே வைத்துக்கொண்டு பழைய ஒற்றுமையை மட்டும் மீட்க முடியாது.

மகாராஷ்டிராவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1972 வாக்கில் வந்த கொடிய பஞ்சத்துக்குப் பிறகு, புனே மாவட்டம் புரந்தர் தாலுகாவில் விலாஸ்ராவ் சாலுங்கே என்ற பொறியாளர், நாய்காவ் கிராமத்தில் தொடங்கி விவசாயிகளைக் கூட்டி 'பானி பஞ்சாயத்து' அமைத்தார். விதிகள் எளிமையானவை. தண்ணீர் நிலத்தின் அளவைப் பார்த்துக் கிடைக்காது, வீட்டில் எத்தனை பேர் என்று தலைக்கணக்குப் பார்த்துக் கிடைக்கும். தலைக்கு அரை ஏக்கர் பாசனத்துக்கான தண்ணீர், ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கருக்கு மேல் இல்லை. கரும்பு போடக் கூடாது. நிலம் இல்லாத கூலிக்காரருக்கும் தண்ணீரில் பங்கு உண்டு. நிலத்தை விற்றாலும் தண்ணீர் உரிமை அதோடு போகாது. அதே மாநிலத்தில் ஹிவரே பஜார் கிராமம் 1990-கள் முதல் பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்து, மழையை அளந்து, அதற்குத் தகுந்தபடி பயிரை முடிவு செய்தது. அவர்களும் நம்மைப் போல் வானம் பார்த்த சீமைக்காரர்கள்தான்.

"நான் நிறுத்தினா அடுத்தவன் நிறுத்துவானா?" என்று கேட்பீர்கள். தனியாக ஒருவன் நிறுத்தினால் அவன் ஏமாளிதான். அதற்காகத்தானே சங்கம் இருக்கிறது? ஊர் கூடி எடுக்கும் முடிவுதான் எல்லோரையும் கட்டும். ஆகவே ஒவ்வொரு கிளையும் கீழ்க்கண்டவற்றைப் பேசி முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்:

1. புதிதாகப் போர் போடுகிறவர் போர் வண்டியைக் கூப்பிடும் முன் சுற்றியுள்ள கிணற்றுக்காரர்களையும் ஊரையும் கலந்து பேச வேண்டும். குடிநீர்ப் போருக்குப் பக்கத்தில் போர் போடக் கூடாது.

2. வறண்ட போரை இந்த மாதத்துக்குள் மூட வேண்டும், அல்லது மழைநீர் இறங்கும் தொட்டியாக மாற்ற வேண்டும்.

3. கோடையில் தண்ணீர் இருக்கும் தோட்டத்துக்காரர்கள் முறை வைத்துக் காலனி உட்பட எல்லாத் தெருக்களுக்கும் குடிதண்ணீர் விட வேண்டும். அது தர்மம் அல்ல, கடமை. டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்கக் கூடாது.

4. குத்தகைக்காரரையும் கூலித் தொழிலாளரையும் கிளையில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் பற்றிய பேச்சில் அவர்களுக்கும் சரிசமமாக நாற்காலி போட வேண்டும். பட்டா வைத்திருப்பவன் மட்டும்தான் விவசாயி என்றால் நம் போராட்டத்துக்குக் கூட்டம் எங்கிருந்து வரும்?

அரசாங்கத்திடம் கேட்பது: மாநிலத்தில் உள்ள சுமார் 39,000 ஏரி, கண்மாய், குளங்களையும் அவற்றின் வரத்து வாய்க்கால்களையும் தூர்வாரு! ஆக்கிரமிப்பை அகற்று! தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ராகி, கம்பு, சோளம், நிலக்கடலைக்குக் கட்டுப்படியான விலை கொடுத்துக் கொள்முதல் செய்! விலை கிடைக்காத வரை விவசாயியைத் தென்னையையும் கரும்பையும் விடச் சொல்வது நியாயமில்லை. இலவச மின்சாரத்தில் கை வைக்காதே!

2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் கிராமசபை கூட உத்தரவு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலைகிற கூட்டமாக அதை விடாதீர்கள். மேலே சொன்னவற்றைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள், குடம் தூக்குகிறவர்கள் அவர்கள்தான்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு யார் கிணறு நின்றது என்று உங்களுக்கே தெரியும். இன்று சாயங்காலம் அந்த வீட்டுக்கு ஒரு எட்டுப் போய் வாருங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.

நிலத்தடி நீர் ஊர்ப் பொதுச் சொத்து!
பங்கிட்டு வாழ்வோம்! ஒன்றுபட்டுப் போராடுவோம்!