மண்ணில் கிடக்கும் மன்னன்

மாமல்லபுரம் போகிறவர்கள் ஐந்து ரதங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

அவற்றில் மிகச் சிறியது திரௌபதி ரதம். பார்ப்பதற்குக் கூரை வேய்ந்த குடிசைதான். 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பிகள் ஓலைக் கூரையின் சாய்வைக் கல்லிலே கொண்டுவந்துவிட்டார்கள்! ஆனால், உள்ளே இருப்பது துர்க்கை. பாஞ்சாலியின் பெயர் பிற்காலத்தில் மக்கள் வைத்தது.

பாஞ்சாலியையே பார்க்க வேண்டுமா? செங்கற்பட்டு, காஞ்சீபுரம் வட்டாரத்துக் கிராமங்களுக்குப் போகவேண்டும். கோடையில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் படிப்பார்கள். இரவில் தெருக்கூத்து நடக்கும். கடைசியில் ஒரு நாள் காலை, படுகளம்!

திறந்த வெளியில் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். உடம்பு முழுவதும் மண். நீளம் முப்பது, நாற்பது அடி. அதற்கு மேலும் உண்டு. முறுக்கிய மீசை, விழித்த கண். சூளையில் சுட்ட உருவம் அல்ல. பச்சை மண்ணைக் குழைத்து, வண்ணம் பூசியது.

வீமனும் துரியோதனனுமாக வேடமிட்ட கூத்தர்கள் அதைச் சுற்றி ஓடுகிறார்கள், வசை பாடுகிறார்கள். வீமன் தொடையில் அடிக்கிறான். அங்கே வைத்திருந்த சிவப்பு நீர் பெருகுகிறது. விரித்த கூந்தலோடு காத்திருந்த பாஞ்சாலி அதைத் தொட்டுத் தடவி, கூந்தலை அள்ளி முடிக்கிறாள். வேடமிட்டவர் ஆண்தான். அந்த நேரத்தில் அதை யார் நினைக்கிறார்கள்? கைகூப்பி நிற்கிறார்கள்.

இத்தோடு முடிந்தால் வெறும் பழிக்குப் பழிதான். சில ஊர்களில் அதற்குப் பிறகு காந்தாரி வருகிறாள். கையில் துடைப்பமும் முறமும். வாயில் ஒப்பாரி. "அடி, அடி!" என்று கத்திய கூட்டம் அடங்கிப் போகிறது. கெட்டவனுக்கும் ஒரு தாய் உண்டல்லவா?

களிமண்ணாலும் நார், நூலாலும் மனித உணர்ச்சிகளைக் காட்டும் கலைஞர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். நல்லதுதான். நம் கிராமத்தாருக்கு மண்ணும் கூந்தலும் துடைப்பமும் போதும்.

மாமல்லபுரத்துக் கல் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. மண்ணுக்கு அப்படிக் காவல் கிடையாது. "வருஷா வருஷம் எதற்கு மண் சுமக்க வேண்டும்? சிமெண்டில் ஒரே தடவையாகச் செய்துவிடலாமே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. செலவு மிச்சம் என்பது மெய்தான். ஆனால், சிமெண்டுத் துரியோதனன் வருஷம் முழுவதும் வெயிலில் கிடப்பான். பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள். அவனுக்காக அழ யாருக்கு வரும்? மண் குழைக்கத் தெரிந்த கைகளும் அத்தோடு போய்விடும்.

விழாக் குழுவினர் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை மண் வேலை செய்கிறவர்களுக்குக் கூட்டிக் கொடுக்கட்டும். சிமெண்டுப் பேச்சே எழாது.

மாலையில் தீமிதி. அதற்குள் மன்னனின் தோளும் மார்பும் குறைந்து போயிருக்கும். வீட்டுக்கு நல்லது என்று ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போயிருப்பார்கள்.