கதிரையில் தொழும் எங்கள் உம்மாமார்



ஒவ்வொரு நோன்புக்கும் தராவீஹ் தொழ வரும் பெண்கள் பகுதியில் பிளாஸ்டிக் கதிரைகள் கூடிக்கொண்டே போகின்றன. கதிரையில் தொழுவது மார்க்கம் தந்த சலுகை. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்களைக் கதிரைக்கு அனுப்பிய முழங்காலை நாங்கள் எப்போதாவது டொக்டரிடம் காட்டினோமா?

எங்கள் வீட்டிலும் அதே பிழைதான். "பரவாயில்ல மகன், வயசு போனா அப்படித்தான்" என்று உம்மா சொன்னா. நாங்களும் நம்பி 4 வருடம் இருந்துவிட்டோம். பார்மசியில் வாங்கிய வலிக் குளிசையோடு காலம் போனது. சீனியும் பிரஷரும் உள்ளவர்கள் மாதக்கணக்கில் இப்படிக் குளிசை போட்டால் இரைப்பையில் புண் வரலாம், கிட்னியும் பழுதாகலாம். கடைசியில் டொக்டரிடம் போனபோது, தொடைத் தசை மெலிந்துவிட்டது, முந்தியே வந்திருக்கலாம் என்றார்.

மூட்டுத் தேய்வு என்பது எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையம் தேய்வது. முற்றினால் எலும்போடு எலும்பு உரசும். எல்லோருக்கும் ஒப்பரேஷன் தேவையில்லை. முதலில் நிறை குறைப்பது, தொடைக்கான பயிற்சி, பிசியோதெரபி. இவையெல்லாம் செய்தும் இரவில் தூக்கமில்லை, வீட்டுக்குள்ளும் நடக்க முடியவில்லை என்றால்தான் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை.

"காலையே வெட்டிடுவாங்க" என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை. தேய்ந்த மேற்பரப்பைச் சீவி எடுத்து, உலோகமும் விசேட பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். அநேகமானோரை அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். 100 மூட்டுகளில் 80க்கு மேற்பட்டவை 25 வருடம் தாக்குப்பிடிப்பதாக 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று சொல்கிறது.

மற்றப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கிருமித் தொற்று, காலில் இரத்தம் கட்டுதல் போன்ற ஆபத்துகள் உண்டு. சுமார் 5 பேரில் ஒருவருக்கு முழுத் திருப்தி கிடைப்பதில்லை. முழங்காலை ஊன்றுவது பலருக்குப் பிறகும் கஷ்டம். ஸுஜூது செய்ய முடியுமா என்று முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள். கதிரை தொடர்ந்தும் தேவைப்படலாம். ஆனால் வலியில்லாமல் எழும்பி வுழூ எடுக்கப் போவது சின்ன விஷயமா?

அரச வைத்தியசாலைகளிலும் இதைச் செய்கிறார்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம். அதனால்தான் பெயரை நேரத்தோடு பதிய வேண்டும். செலவு வந்தால், ஜனாதிபதி நிதிய உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

உம்மாவை உம்ராவுக்குக் கூட்டிப் போகக் காசு சேர்க்கிறோம். நல்ல நிய்யத். தவாஃபை அவ தன் காலால் செய்ய வேண்டாமா? ஒப்பரேஷனுக்குப் பிறகு வரும் மாதங்களின் பராமரிப்பையும் பெண் பிள்ளைகளின் தலையில் மட்டும் போடாமல், ஆண் பிள்ளைகளும் பங்கெடுப்போம்.

இன்றிரவு உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். "பரவாயில்ல" என்றுதான் சொல்லுவா. அதைக் கேட்டுவிட்டுப் போகாமல், அவ கட்டிலிலிருந்து எழும்பி பாத்ரூம் வரை நடப்பதை ஒரு தடவை நின்று பாருங்கள்.