பழமலை ஊர்க்காரர்கள் ஏற ஒரு சின்ன மலை

விருத்தம் என்றால் பழையது, அசலம் என்றால் மலை. விருத்தாசலம், பழமலை, திருமுதுகுன்றம் என்று எங்கள் ஊருக்கு மூன்று பெயர்கள். மூன்றிலும் மலை இருக்கிறது, ஊரில்தான் இல்லை! உலகத்தில் முதலில் தோன்றிய மலை இதுதான், மண்ணுக்குள் மறைந்துவிட்டது என்கிறது தலபுராணம். திருச்சியில் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஏறுவார்கள். விருத்தகிரீஸ்வரர் கோயிலில் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்க நாங்கள் படியிறங்குவோம். எங்கள் பங்குக்குக் கிடைத்தது மண்தான். செராமிக் சூளை, அகல் விளக்கு, பொம்மை என்று அதை வைத்தே பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

அதனால் "லீவுக்குப் பசங்களை ஏதாவது மலைக்குக் கூட்டிட்டுப் போகணுமே" என்று இங்கே யாராவது கேட்டால், நான் செஞ்சியைச் சொல்வேன். ரயிலில் விழுப்புரம், அங்கிருந்து பஸ்ஸில் செஞ்சி. காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

செஞ்சி என்றதும் எல்லோரும் ராஜகிரிக்குத்தான் ஓடுகிறார்கள். சுமார் 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய பிளவு, அதன் மேல் பாலம். 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது, ஔரங்கசீப்பின் படை 1690இல் முற்றுகையிட்டு, 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. தேசிங்கு ராஜன் கதையைக் கேட்காத குழந்தை அந்தப் பக்கத்தில் கிடையாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று, அது செஞ்சி. கூட்டம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் குடும்பமாகப் போகிறவர்கள் ராஜகிரியில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? இளசுகள் மேலே போகும். அப்பா பாதி வரை போய்த் திரும்புவார். அம்மா? "நீ இங்கேயே உட்காரு, பையைப் பார்த்துக்க." என் பெரியம்மா மூன்று முறை செஞ்சி போயிருக்கிறார். மூன்று முறையும் கல்யாண மகால் பக்கத்துப் புல்வெளியில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். குரங்குகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. முழங்கால் வலி வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாலாவது முறை ரோட்டுக்கு இந்தப் பக்கம் போனோம். செஞ்சி - திருவண்ணாமலை சாலைக்கு வடக்கே நிற்பது கிருஷ்ணகிரி. ராணிக் கோட்டை என்றும் சொல்வார்கள். ராஜகிரிக்கு வாங்கிய டிக்கெட்டே இதற்கும் போதும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ராஜகிரியைவிடத் தாழ்ந்த மலை. வழி முழுக்கக் கருங்கல் படி. சில படிகள் உயரம்தான், ஆனால் நின்று நின்று ஏறினாலும் முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ராஜகிரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிற்பகலுக்கு மேல் மலையேற விடவும் மாட்டார்கள்.

பெரியம்மா பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் வரிசை கட்டி நிற்க ஆளே இல்லையே! அரை மணி நேரத்துக்கு ஒரு குடும்பம் எதிரில் வந்தால் அதிகம். மரங்கொத்தி தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

மேலே இரண்டு பெரிய தானியக் களஞ்சியங்கள், எண்ணெய் சேமித்த தொட்டி, ரங்கநாதர் கோயில், கிருஷ்ணர் கோயில். சாமி இல்லாத கோயில் என்றால் நம்மவர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், தூண்களுக்காகவாவது பாருங்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது குவிமாடம் வைத்த அந்த மண்டபம். நாலு பக்கமும் திறப்பு. வெளியே பாறை கொதித்தாலும் உள்ளே காற்று நிற்கவே நிற்காது. அந்தக் காலத்து ஏசி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அங்கே உட்கார்ந்து ராஜகிரியை எதிரில் பார்க்கும்போதுதான் கோட்டையின் கணக்கு புரிகிறது: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில், நடுவில் ஊரும் வயலும். ராஜகிரி உச்சியில் நிற்பவருக்கு ராஜகிரி தெரியாதே.

பெரியம்மா அதைப் பார்த்தார். "அதோ, அங்கதான் நான் உட்கார்ந்திருந்தேன்" என்று புல்வெளி இருக்கும் திசையைக் காட்டினார். கூடையை அன்று பேரன் சுமந்தான்.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். மழை பெய்தால் பாறை வழுக்கும். சித்திரை வெயிலில் போகவே வேண்டாம். காலையிலேயே ஏற ஆரம்பித்துவிடுங்கள், பத்து மணிக்கே கல் சுட ஆரம்பிக்கும். மேலே கடை கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டராவது தண்ணீர் வேண்டும். பிளாஸ்டிக் கவரைக் கையில் தூக்கிப் போனால் அது குரங்குக்குத்தான். செருப்பைவிட ஷூ நல்லது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், ஒரு கைத்தடி கொண்டுபோய், பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். சாப்பாட்டை மேலே மண்டபத்தில் பிரிக்காமல், கீழே வந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹோட்டலில் சாப்பிட்டால் கூடையே தேவையில்லை.