பாய் விரிக்க இடம்



சென்ற தை மாதம் என் மாமியார் தஞ்சையிலிருந்து அல்சூரில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். இரண்டே அறைகள் கொண்ட அடுக்குமாடிக் குடித்தனம் எங்களுடையது. பத்து நாள் தங்க எண்ணி வந்தவர், மூன்றாம் நாளே ஊர் திரும்பினார். காரணம் எதுவும் கூறவில்லை. இரவில் அவர் பாய் விரித்துப் படுத்த இடம் அடுப்படி என்பதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சம் கூசுகிறது. கூடத்தை அரிசி மூட்டையும், டிரங்குப் பெட்டிகளும், அவர் எனக்குச் சீராக அளித்த பித்தளை அண்டாவும் அடைத்துக்கொண்டிருந்தன.

பெங்களூரில் வீடுகள் முன்பு இவ்வாறு இருந்ததில்லை. 1898-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் வளர்ந்த மல்லேசுவரம், பசவனகுடி பகுதிகளில் தோட்டமும் கிணறுமாக வீடுகள் அமைந்தன. இன்று அத்தெருக்களிலும் அடுக்குமாடிகளே எழுகின்றன. எனவே, பரண், உறி, சுவர் மாடம் ஆகியவற்றில் பொருள்களை வைத்துத் தரையை மனிதருக்கு விட்ட நம் முன்னோர் வழக்கத்தை நாமும் கைக்கொள்ளுதல் நலம்.

கொலுப் பொம்மைகள் போன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பவற்றைப் பழந்துணியில் சுற்றிப் பரணில் வைக்கலாம். கனமான பாத்திரங்களை அங்கே ஏற்றலாகாது. இறக்கும்போது ஆபத்து நேரும். டிரங்குப் பெட்டிகளைக் கட்டிலின்கீழ்த் தள்ளிவிடுக. நவராத்திரியில் அவற்றையே அடுக்கி, வேட்டி விரித்தால் கொலுப்படி ஆயிற்று. கடை அருகிலேயே இருக்க, மூட்டை அரிசி எதற்கு? ஒரு மாதத்திற்கு வேண்டியதை இறுக மூடும் டப்பாவில் இட்டு, உலர்ந்த வேப்பிலை சிறிது போட்டுவைத்தால் வண்டு அணுகாது.

இந்நகரில் ஜூன் முதல் நவம்பர் வரை மழை விட்டு விட்டுப் பெய்யும். ஆதலால் பெட்டிகளைச் சுவரை ஒட்டி வையாமல் நான்கு விரல் இடைவெளி விடுக. கம்பளிகளையும் பட்டாடைகளையும் தை, மாசியில் நிழலில் காற்றாட உலர்த்தி மடிப்பை மாற்றி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது.

இனி அந்த அண்டா. நால்வர் உள்ள குடும்பத்தில் அது ஒரு நாளும் அடுப்பேறியதில்லை. மாமியாரிடம் உள்ள மதிப்பினால் அதைக் காத்துவந்தேன். அவருக்கோ படுக்க இடம் வைக்கவில்லை. அவரிடமே சொல்லி, ஊரில் கொழுந்தனார் வீட்டிற்கு அதை அனுப்பிவிட்டேன். அங்கே விசேஷ நாள்களில் பயன்படுகிறது.

இப்போது கூடத்தில் ஒரு பாய் தாராளமாக விரிக்கலாம். நவராத்திரிக்கு வருமாறு மாமியாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கூடத்தையும் ஒரு முறை பாருங்கள், சகோதரிகளே. ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தால் பாய் விரிக்க அங்கே இடமுண்டா?