வேறு எங்கே ஓட்டுவது?



தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனை அண்மையில் கடைத்தெருவில் கண்டேன். கணக்கில் தடுமாறியவன், ஆனால், பழுதான மின்விசிறியைப் பிரித்துச் சீர்படுத்துவதில் வல்லவன். இப்போது வயது பதினேழு. நொண்டியபடியே அருகில் வந்து, "வணக்கம் சார்" என்றான். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டு விழுந்தானாம். உடன் ஓட்டிய நண்பன் பிழைக்கவில்லை. "ஏனப்பா இப்படி?" என்றேன். தலைகுனிந்து, "வேறு எங்கே சார் ஓட்டுவது?" என்றான்.

அன்று என்னிடம் விடையில்லை. 'மாட் ரெம்பிட்' என்று பழித்துவிட்டு நகர்வது நமக்கு எளிது. அந்தப் பழிச்சொல் எத்தனை பிள்ளைகளைத் திருத்தியிருக்கிறது?

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க இளைஞர்களும் ஒரு காலத்தில் தெருக்களில்தான் போட்டியிட்டனர். அவர்களைத் தெருவிலிருந்து அகற்றி, விதிகளும் பாதுகாப்பும் உள்ள தடத்திற்குக் கொண்டுவரும் நோக்கில் வாலி பார்க்ஸ் என்பவர் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். 'டிராக்' பந்தயம் அவ்வாறே முறையான விளையாட்டாக வளர்ந்தது. நம் நாட்டிலும் 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் ஓடுதளத்தில் இத்தகைய போட்டிகள் நடந்துள்ளன.

நேரான தடத்தில் இருவர் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓட்டுவதே இப்பந்தயம். தொடக்கக் கோட்டில் விளக்குக் கம்பம் நிற்கும். வழக்கமான முறையில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, பின்னர் பச்சை ஒளிரும். அவசரப்பட்டுப் புறப்பட்டவனுக்குச் சிவப்பு எரியும், அவன் தோற்றான். ஓட்டுமுன் பரிசோதகர் தடைக்கருவி, டயர், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்ப்பார். மோட்டார் சைக்கிளோட்டிக்கு முழுமுகத் தலைக்கவசம், தோலாடை, கையுறை, உயரக் காலணி வேண்டும். புதியவர் இயந்திரத்தை மாற்றியமைக்க வேண்டியதில்லை. அன்றாடம் ஓட்டும் வண்டியை நல்ல நிலையில் வைத்திருந்தால் போதும்.

என்னைக் கவர்ந்தது 'பிராக்கெட்' என்னும் போட்டிமுறை. ஒவ்வொருவரும் தம் வண்டி எத்தனை விநாடியில் தடத்தைக் கடக்கும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒருவர் 15 விநாடி என்றும் மற்றவர் 18 என்றும் அறிவித்தால், மெதுவான வண்டிக்கு 3 விநாடி முன்னதாகப் பச்சை எரியும். அறிவித்ததைவிட விரைவாகக் கடந்துவிட்டால் பொதுவாகத் தோல்விதான்! ஆகவே, பணக்காரனின் புதிய வண்டியை ஏழையின் பழைய வண்டி வெல்லலாம். தன்னையும் தன் இயந்திரத்தையும் அளந்தறிந்தவனுக்கே வெற்றி. வலியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்த நமக்கு இது புதிய பாடமா?

"ஆசிரியரே பந்தயத்திற்குத் தூண்டலாமா?" எனச் சிலர் கேட்கக்கூடும். நான் தூண்டவில்லை. தடத்திலும் ஆபத்து உண்டு, செலவும் உண்டு. ஆயினும், அங்கே எதிரே லாரி வராது. நடந்து செல்வோர் இல்லை. மருத்துவ உதவி அருகிலேயே காத்திருக்கும். அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் விடுவதோ, 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு இவ்வார்வம் இருந்தால் மறைக்கச் செய்யாதீர்கள். முதலில் பார்வையாளராக அவனோடு சென்று வாருங்கள். உரிமம் பெறும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். விதிகளை நீங்களும் படியுங்கள். ஆசிரியர்களே, இயந்திரத்தை நேசிக்கும் கைகளுக்குத் தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் என்னும் வழி இருப்பதையும் காட்டுங்கள்.

இனி ஒரு மாணவன் "வேறு எங்கே சார்?" என்று கேட்டால், சொல்வதற்கு என்னிடம் விடை உண்டு. அவன் சாலைக்குப் போகுமுன் கேட்க வேண்டுமே என்பதே என் கவலை.

சிந்திப்போம்.